லேபிளில் எழுதிய தட்டு

என் மேசைமேல் ஒரு சின்ன இசைத்தட்டு கிடக்கிறது. ஏழு இஞ்சு, நிமிடத்துக்கு 45 சுற்று. 1960-களின் கடைசியில் வந்த ஒரு தமிழ்ப் படத்தின் பாட்டுகள், பக்கத்துக்கு இரண்டாக நான்கு. லேபிளின்மேல் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருக்கிறது: கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்து மைக்செட் ஒன்றின் பெயர். ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டால் 212 என்று எண். துளையை ஒட்டி, காப்பிங் பென்சிலில் 'ப.3'.

நாகர்கோவில் வடசேரியில் ஓர் ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், 40 ரூபாய்க்கு எடுத்தது. பழைய பாடப்புத்தகக் கட்டுக்கும் துருப்பிடித்த தையல் மெஷினுக்கும் நடுவில் ஒரு சாக்கில் இருந்தது. போட்டோ எடுத்து, சென்னையில் இதே பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "லேபிள்ல எழுதியிருக்கே, விட்டுருங்க" என்று பதில் வந்தது. இதே தட்டை, எழுத்தும் கீறலும் இல்லாமல், படம் போட்ட உறையோடு அவர் வாங்கி வைத்திருக்கிறார். நான் கொடுத்ததைப்போல நாற்பது மடங்கு கொடுத்து.

பாட்டு அதே பாட்டு. கம்பெனியும் அதே கம்பெனி. இரண்டும் கல்கத்தா டம் டம் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. அப்புறம் இந்த நாற்பது மடங்கு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

பழசு என்றால் விலை என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. மச்சில் தாத்தாவின் தட்டுகள் ஒரு பெட்டி கிடக்கிறது, லட்சம் தேறுமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். பெரும்பாலும் தேறாது. வயது மட்டும் விலையைக் கூட்டாது. எத்தனை அச்சடித்தார்கள் என்பதுகூட பாதிக் கணக்குதான். அதில் எத்தனை மிஞ்சின, மிஞ்சியவற்றில் எத்தனை உருப்படியாக இருக்கின்றன, அவற்றுக்காக எத்தனை பேர் அலைகிறார்கள் என்பது மீதிப் பாதி. ஆயிரக்கணக்கில் விற்ற தட்டு இன்று கண்ணில் படாமல் போகலாம். கொஞ்சமே அடித்தும் அன்று யாரும் சீண்டாத தட்டு இன்றும் சீண்டப்படாமல் கிடக்கலாம். நம் பக்கத்தைப் பொறுத்தவரை, ஒரு தட்டை அபூர்வமாக்கியது தொழிற்சாலை அல்ல, நாம் அதைப் போட்டுத் தேய்த்த தேய்ப்புதான் என்பது என் கட்சி.

அதற்கு முன்னால், தட்டு எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 'முதல் அச்சு' என்று சேகரிப்பவர்கள் ஏன் உயிரை விடுகிறார்கள் என்பது புரியாது.

பதிவு நாடாவில் இருக்கும் பாட்டை, அலுமினியத் தகட்டின்மேல் பூசிய லாக்கர் பூச்சில் ஒரு வெட்டூசி பள்ளமாகக் கீறும். அந்தத் தகட்டுக்கு வெள்ளி பூசி, நிக்கல் முலாம் ஏற்றிப் பிரித்தெடுத்தால், பள்ளமெல்லாம் மேடாகத் தெரியும் உலோகத் தகடு ஒன்று கிடைக்கும். அதற்கு ஃபாதர் என்று பெயர். ஃபாதரிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர். இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவே சூடான பிளாஸ்டிக் உருண்டையை வைத்து அழுத்தினால் தட்டு. அப்பாவுக்கு அம்மா பிறந்து, அம்மாவுக்குப் பிள்ளைகள் பிறக்கிற விசித்திரக் குடும்பம். ஸ்டாம்பர் நிரந்தரமல்ல. அழுத்த அழுத்தத் தேயும், வேறொன்று எடுக்க வேண்டும். பாட்டு நன்றாக ஓடினால் ஸ்டாம்பர் மாறிக்கொண்டே போகும், சில சமயம் மதரும் மாறும். வருடங்கள் கழித்து மறுபடி வெட்டினால் நாடாவே பழசாகியிருக்கும், வெட்டுகிற ஆளும் வேறு, அவர் காதும் வேறு. முதலில் வந்தவற்றில் ஒலி கூர்மையாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு இதுதான் காரணம். பாதி உண்மை, பாதி பக்தி.

எந்தத் தட்டு எந்த ஸ்டாம்பரில் வந்தது என்று எப்படித் தெரியும்? லேபிளுக்கும் கடைசிப் பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுவில் மொட்டையாக ஒரு வளையம் இருக்கிறதே, அங்கே பாருங்கள். விளக்குக்குச் சாய்த்தால் சின்னச் சின்ன எண்ணும் எழுத்தும் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ். பிரிட்டனில் ஹேய்ஸ் நகரத்தில் இஎம்ஐ என்ற தட்டுக் கம்பெனியின் தொழிற்சாலை இதில் ஒரு வேடிக்கையே பண்ணிவைத்தது. 'கிராமஃபோன் லிமிடெட்' என்பதைச் சுருக்கி, ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், டி, டி என்று பத்து ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஜி என்றால் ஒன்று, ஆர் என்றால் இரண்டு, இப்படியே போய்க் கடைசி எழுத்து பூஜ்யம். மேட்ரிக்ஸ் எண் கடிகாரத்து ஆறு மணி இடத்தில் வரும்படி தட்டைப் பிடித்தால், ஒன்பது மணி இடத்தில் மதரின் எண், மூன்று மணி இடத்தில் ஸ்டாம்பரின் எழுத்து. 'ஜி' என்று தனியாக இருந்தால் முதல் ஸ்டாம்பர். 'ஆர் ஏ' என்றிருந்தால் இருபத்து மூன்றாவது. (கடைசி இரண்டு எழுத்தும் தமிழில் ஒன்றுபோல வந்து தொலைக்கிறது. ஒன்பதா பூஜ்யமா என்று பார்க்க ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும்.) நகைக்கடைக்காரர் முத்திரை பார்ப்பதுபோல, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பாட்டுக் குழுவின் முதல் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள தட்டு) 1962 அக்டோபர் 5 அன்று பார்லோஃபோன் லேபிளில் வந்தது. அன்று சிவப்பு லேபிள். அடுத்த வருடம் பார்லோஃபோன் கறுப்பு லேபிளுக்கு மாறியது. பாட்டு ஒன்றே என்றாலும் சிவப்புக்குத்தான் மதிப்பு, அதிலும் டிரம்ஸ் வாசித்தது குழுவின் ரிங்கோ. பின்னால் வந்தவற்றில் ஆண்டி வைட் என்ற வேறொருவர் வாசித்த பதிவு போனது. இன்னும் மேலே ஒரு படி உண்டு: வானொலிக்காரர்களுக்கு அனுப்ப அடித்த சுமார் 250 மாதிரித் தட்டுகள். அதில் பாட்டெழுதிய மெக்கார்ட்னியின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். அந்தப் பிழைக்குத்தான் ஆயிரக்கணக்கான பவுண்டு. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் தப்பாக வந்தால் அச்சகத்துக்காரரைக் காய்ச்சி எடுப்போம்.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழு. 1977 மார்ச்சில் ஏ அண்ட் எம் கம்பெனி அவர்களை ஒப்பந்தம் செய்தது, ஒரு வாரத்தில் பயந்துபோய்க் கழற்றிவிட்டது. அதற்குள் 'காட் சேவ் தி குயின்' தட்டு ஏறத்தாழ 25,000 அடித்தாகிவிட்டது. அத்தனையையும் அழித்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் கையோடு எடுத்துப்போன சில மட்டும் மிஞ்சின. அதே பாட்டு மே மாதம் வர்ஜின் கம்பெனியில் வந்து சக்கைப்போடு போட்டது. வர்ஜின் தட்டை இன்றும் எளிதாக வாங்கலாம். ஏ அண்ட் எம் தட்டு பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். பாட்டுக்கும் இந்த வித்தியாசத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஃபிராங்க் வில்சன் என்ற பாடகரின் கதையும் இப்படித்தான். 1965-ல் அமெரிக்காவின் மோடவுன் கம்பெனியின் கிளை லேபிளுக்காகப் பாடிய ஒரு சிங்கிள், விற்பனைக்கு வராமலே போனது. மாதிரித் தட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும் தப்பின. வட இங்கிலாந்தின் நடன அரங்குகளில் அந்தப் பாட்டுக்கு வெறி பிடித்தது. 2009-ல் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் போயிற்று. மிஞ்சியது சில, தேடியது பல பேர்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

இந்தியாவில் கிராமஃபோன் கம்பெனி 1908-ல் கல்கத்தா சியால்டாவில் தட்டு அடிக்க ஆரம்பித்தது. 1928-ல் டம் டம்முக்கு மாறியது. எச்எம்வி நாய், கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல் என்று லேபிள் விதவிதமாக இருந்தாலும் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். தெற்கே சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்றவர்கள் ஓடியன் தட்டுகளைப் பரப்பினார்கள். ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்கு வந்ததே இந்தத் தட்டு வியாபாரத்தின் வழியாகத்தான். 1960-களின் கடைசி வரை ஏறக்குறைய தனியாட்சி. பாலிடார், இன்ரெகோ கம்பெனிகள் எல்லாம் பிறகு வந்தவை. சென்னையின் எக்கோ இன்னும் பிறகு.

தனியாட்சி நடத்துகிற கம்பெனிக்கு அவசரம் கிடையாது. ஒரு தட்டு விற்றுக்கொண்டிருந்தால் பத்து வருடம்கூட அடித்துக்கொண்டே இருந்தார்கள். லேபிளின் நிறம் மாறும், ஓரத்தில் வளைந்து ஓடும் பொடி எழுத்து மாறும், பிற்பாடு இஎம்ஐ என்ற சின்னக் கட்டம் வந்து உட்காரும். எண் மாறாது. ஆகவே இங்கே 'முதல் அச்சு' என்று நிரூபிப்பது பிரிட்டன் தட்டு மாதிரி எளிதல்ல, வெளியான வருடம் லேபிளில் இருந்தாலும் அடித்த வருடம் இருக்காது. ஒரே தடத்து ஒலியான மோனோவா, இரண்டு தடமாகப் பிரிந்த ஸ்டீரியோவா என்பது கொஞ்சம் துப்புக் கொடுக்கும். எண்ணுக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஸ்டீரியோ. ஆனால் பழைய பாட்டுகளைத் தொகுத்து 'ஸ்டீரியோ' என்று பெரிதாகப் போட்ட எல்பி என்ற பெரிய தட்டுகளில் ஏமாறாதீர்கள். மோனோ பதிவை மின்னணு வித்தையால் இரண்டாகப் பிளந்து காட்டியவை அவற்றில் நிறைய. கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும். அதே பாட்டின் மோனோ சின்னத் தட்டு சத்தத்தில் பத்து மடங்கு மேல்.

இன்னொரு விசேஷம், இங்கே 78 சுற்றுத் தட்டு நெடுநாள் வாழ்ந்தது. அமெரிக்காவில் கொலம்பியா 1948-ல் எல்பியைக் கொண்டுவந்தது, ஆர்சிஏ 1949-ல் 45 சுற்றைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 1960-களின் தொடக்கத்திலேயே 78 கண்ணை மூடிவிட்டது. இந்தியாவில் மூடவில்லை. கரண்ட் வந்தே சேராத ஊர்கள் ஏராளம், சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டிகள் ஏராளம், அவற்றில் 78 மட்டுமே ஓடும். அதனால் பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே அரக்குத் தட்டாக, 78 சுற்றில் வந்தன. லண்டனில் கேட்டால் நம்ப மாட்டார்கள், பார்த்தால் விடமாட்டார்கள். இந்தியத் தட்டுகளில் வெளிநாட்டுக்காரர்கள் உண்மையிலேயே பெரிய பணம் கொடுக்கிற வகை அதுதான். நம் மாவட்டத்து மலையோர ரப்பர் எஸ்டேட் பங்களா எதிலாவது ஒன்று கிடக்கும் என்று நானும் பல வருடமாக விசாரித்துக்கொண்டு திரிகிறேன். இதுவரை கிடைத்தது ஒரு சாவி கொடுக்கும் பெட்டியும், அதற்குள் குடித்தனம் நடத்திய எலிகளும்.

அரக்கு என்று சொல்வது நிஜமான அரக்கு. பூச்சி சுரக்கும் பிசினோடு கல்மாவு சேர்த்துச் செய்தது. கை தவறினால் ஓடுபோல உடையும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் பாடிய நகைச்சுவைப் பாட்டுகள் இந்த அரக்கில்தான் வந்தன. அவற்றுக்குச் சென்னைச் சந்தையில் என்ன விலையோ, நாகர்கோவிலில் வைத்திருப்பவர்கள் விற்பதில்லை. பழைய படங்களின் 78-ல் இன்னொரு நுட்பம் உண்டு. அந்தக் காலத்தில் படத்துக்குப் பாடியது வேறு, தட்டுக்குப் பாடியது வேறு. ஒரு பக்கத்தில் மூன்றேகால், மூன்றரை நிமிடம்தான் கொள்ளும் என்பதால் பாட்டைக் குறுக்குவார்கள், அல்லது இரண்டு பக்கமாக வெட்டுவார்கள். சில சமயம் தட்டில் பாடுபவரே வேறு ஆளாக இருப்பார். படச்சுருள் அழிந்துபோன படங்களுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி இந்தத் தட்டு. அப்படிப்பட்ட தட்டு விரிசல் விட்டிருந்தாலும் நான் வாங்குவேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தட்டு தேடுகிறவனுக்கு ஊரின் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் பெட்டியைத் திறந்தால் தமிழும் மலையாளமும் கலந்தே இருக்கும். குழித்துறையில் ஒரு வீட்டில் டி.எம். சௌந்தரராஜன் பக்திப் பாடல்களுக்கு அடியில் 'செம்மீன்' தட்டைப் பார்த்தேன், உறை கெடாமல். கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் போட்டி போட்டு வாங்குகிற தட்டு, இங்கே தமிழ் வியாபாரி கண்ணில் பட்டால் 'மலையாளம், ஓடாது' என்று ஓரமாகத் தள்ளுவார். எல்லையில் இருப்பதன் லாபம் அதுதான். தக்கலை, குளச்சல், திருவிதாங்கோடு பக்கம் நாகூர் ஹனிபா தட்டுகள். அவை வீட்டுக்கு வீடு இருந்தன, ஆகவே இன்று கீறல் இல்லாத ஒன்று கிடைப்பது கஷ்டம். விசுவாசத்தோடு கேட்ட பாட்டு எதுவும் புதுசாக மிஞ்சாது.

யார் வைத்திருந்த தட்டு என்பதை வைத்தே அதன் நிலையை நான் பாதி ஊகித்துவிடுவேன். வளைகுடாவுக்குப் போய்வந்தவர்கள் வீட்டுத் தட்டு நன்றாக இருக்கும். 1970-களின் கடைசியில் நல்ல ஜப்பான் செட்டோடு வந்திறங்கினார்கள், லேசான முள், கண்ணாடி மூடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கச்சேரி. கேசட் பதிவு செய்துகொடுத்த ரெக்கார்டிங் கடைத் தட்டும் பரவாயில்லை. நாம் பட்டியல் எழுதிக் கொடுப்போம், அவர்கள் எல்பியிலிருந்து பிடித்துக் கொடுப்பார்கள். இரைச்சல் வந்தால் வாடிக்கையாளர் திட்டுவார் என்பதால் தட்டைப் பொன்போல வைத்திருந்தார்கள். எக்கோ வெளியிட்ட இளையராஜா எல்பிகளில் நான் பார்த்த நல்ல பிரதிகள் எல்லாம் இப்படிப்பட்ட கடைகளிலிருந்தே வந்தன. ஊருக்கெல்லாம் பாட்டை எடுத்துக்கொடுத்து, அந்த எல்பியை யாரும் வாங்கத் தேவையில்லாமல் செய்ததும் அதே கடைகள்தான். 1980-களின் கடைசியில் வந்த எல்பிகள் இன்று எட்டாத விலைக்குப் போவதற்கு அது ஒரு காரணம். கேசட் வந்தபின் தட்டைக் கொஞ்சமாகவே அடித்தார்கள்.

மூன்றாவது வகை மைக்செட். தட்டு வாங்கியவர்களில் பெரும்புள்ளிகள் அவர்கள்தான். மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் தேர், அப்புறம் ஊருக்குள் கல்யாணம், சடங்கு, பால்காய்ச்சு. தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர், பந்தலுக்குப் பின்னால் அகூஜா ஆம்ப்ளிஃபயர், அதன் பக்கத்தில் தட்டுப்பெட்டி. மணல் பறக்கும், ஊதுபத்திச் சாம்பல் விழும். தட்டு துள்ளினால் முள்ளின் தலைமேல் ஒரு பத்துப் பைசா நாணயத்தை வைப்பார்கள். முள்ளைப் பிடித்திருக்கும் தலைக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர், இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் தட்டின்மேல் இரண்டு கிராம் அளவில்தான் எடை கொடுக்கிறது. அன்றைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் ஐந்து முதல் எட்டு கிராம், நாணயம் வேறு. தட்டைக் கலப்பையால் உழுத மாதிரி. அந்தத் தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். கீறலே இல்லாவிட்டாலும் கறுப்பு மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல் தெரியும். அது தூசி இல்லை, துடைத்தால் போகாது. பள்ளத்தின் சுவர் தேய்ந்தது. பாடகர் 'ச' சொல்லும் இடமெல்லாம் 'ஷ்ஷ்' என்று கேட்கும்.

வெளிநாட்டுச் சந்தையில் நிலைக்குத் தரம் போட ஏணி வைத்திருக்கிறார்கள். மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட். இதில் 'குட்' என்றால் நல்லது என்று நினைத்து ஆரம்பத்தில் நான் காசைத் தொலைத்திருக்கிறேன். 'குட்' என்றால் 'ஏதோ சுற்றுகிறது' என்று பொருள். ஒவ்வொரு படிக்கும் விலை பாதியாக, சில சமயம் பாதிக்கும் கீழே போகும். லேபிளில் பெயர் எழுதியிருந்தால் இன்னும் ஒரு வெட்டு. நம் ஊர்த் தட்டை இந்த ஏணியில் வைத்தால் முக்கால்வாசி கடைசிப் படியில் உட்காரும். அதனால்தான் மேல்படியில் நிற்கிற ஒன்றிரண்டுக்கு அந்த விலை. ஹிட் பாட்டுக்கு இது இன்னும் கொடுமை: எந்தப் பாட்டை ஊர் கேட்டதோ அந்தத் தட்டுதான் தேய்ந்தது. நன்றாக ஓடிய படத்தின் தட்டு ஏராளமாகக் கிடைக்கும், கீறலில்லாத பிரதி கிடைக்காது. படுத்த படத்தின் தட்டு சிலதான் இருக்கும், ஆனால் இருக்கிறது புதுசாக இருக்கும்.

முள்ளுக்குத் தப்பினாலும் நம் வானத்துக்குத் தப்பாது. இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது, ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. நடுவில் காய நேரமே இல்லை. உறைக்குள் பூஞ்சை பிடித்து, தட்டின் மேல் வெள்ளைப் புள்ளி புள்ளியாய் ஏறும். படம் அச்சிட்ட உறை ஒட்டிக்கொண்டு, பிரித்தால் நடிகையின் பாதி முகம் கையோடு வரும். சேகரிப்பவர்களுக்கு உறை பாதித் தட்டு. உறையில்லாத சின்னத் தட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தகரக் கூரைக்கு அடியில் படுக்கைவாட்டில் அடுக்கினால் வளைந்துபோகும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று தட்டை ஒன்றும் செய்யாது, பெட்டியின் இரும்பைத்தான் தின்னும்.

பூஞ்சையைப் பார்த்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வினைல் தட்டில் தண்ணீர் கலந்த ஆல்கஹால் பரவாயில்லை. அரக்குத் தட்டில் ஒரு சொட்டு பட்டாலும் அரக்கு கரையும், பாட்டும் கரையும். நானே ஒன்றை அப்படிக் கொன்றிருக்கிறேன். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, மென்மையான பிரஷ், பள்ளம் சுற்றும் திசையிலேயே துடைப்பு. லேபிள் நனையக்கூடாது. நிழலில் நிறுத்திக் காயவைக்க வேண்டும். 78-ஐ எல்பி முள்ளால் போட்டுப் பார்த்து 'இரைகிறது' என்று முடிவு கட்டாதீர்கள். அதன் பள்ளம் மூன்று மடங்கு அகலம், எல்பி முள் அடியில் கிடந்து குப்பையைத்தான் கிளறும். அந்தக் காலத்துப் பெட்டிகளில் முள்ளைத் திருப்ப ஒரு சின்ன நெம்பு இருந்தது அதற்காகத்தான்.

வாங்கும்போது கையாலும் மூக்காலும் பாருங்கள். ஒரு தடவை பளபளவென்று மின்னிய பத்துத் தட்டுகளை ஒரு சந்தைக் கடையில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து எடுத்தால் தேங்காய் எண்ணெய் வாசம். சாம்பல் பூத்தது தெரியாமலிருக்க எண்ணெய் தடவி வைத்திருக்கிறார்கள். கழுவி முடிக்க இரண்டு நாள், என் முள்ளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மேசைமேல் கிடக்கும் தட்டுக்குத் திரும்பி வருகிறேன். அதன் முதல் பக்கம் போட்டால் அடைமழை மாதிரி இரைந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த 'ப.3' மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பங்கு மூன்றா? பதிவு எண்ணா? போன மழைக்காலத்தில் கருங்கலுக்குப் போய், ஸ்டாம்பில் இருந்த பெயரைச் சாயாக் கடையில் விசாரித்தேன். மைக்செட் இப்போது இல்லை. நடத்தியவர் இருக்கிறார், எண்பதை நெருங்குகிற வயது, வீட்டுத் திண்ணையில் ரேடியோ கேட்டுக்கொண்டு.

தட்டைக் கையில் கொடுத்தேன். விரல் படாமல் விளிம்பை உள்ளங்கையால் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். லண்டன் வியாபாரியும் அப்படித்தான் சாய்ப்பான்.

"எங்க தட்டாக்கும்."

"212 உங்க நம்பர், புரியுது அண்ணாச்சி. இந்த ப.3 என்னது?"

"மூணாம் பந்தி."

நான் முழித்ததைப் பார்த்துச் சிரித்தார். "தட்டு புதுசா இருக்கும்போ முதல் பந்திக்குப் போடுவேன். பெரிய ஆளுவ எல்லாம் அதிலதான் இருப்பாவ. கொஞ்சம் இரைச்சல் விழுந்தா ரெண்டாம் பந்தி. இப்படித் தேஞ்சு போச்சுன்னா மூணு. அப்போ பந்தலுக்குள்ள யாரு இருக்கா? வீட்டு ஆளும் சமையக்காரனும். பசியில இருக்கிறவன் இரைச்சலக் கேப்பானா?"

பிறகு தட்டைத் திருப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஸ்டாம்ப் மையை நகத்தால் தடவிக் காட்டினார். அடியில் மங்கலாகக் காப்பிங் பென்சில். ப.1.

"இந்தப் பக்கத்துப் பாட்ட ஒருத்தரும் கேக்கல. பொறவும் நானா முதல் பந்திக்குப் போடுவேன், சுத்தமா இருக்கும் கேட்டியா. நீ போட்டுப் பாக்கலியா மக்கா?"

அன்று ராத்திரி போட்டேன். முள் இறங்கிய ஒரு தட்டல். பிறகு இரைச்சலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், அதற்குள் வயலின்கள் ஆரம்பித்துவிட்டன.